வேலியே பயிரை மேய்ந்தால் யாரைக் கேட்பது?

சமகால அரசியலில் ஆய்வு செய்ய வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நான் எந்த முறையைக் கற்றுக்கொள்ளட்டும்?" புள்ளியியலா, களப்பணியா, சோதனையா, இணையத் தரவா என்று ஒரு பட்டியலோடு வருவார்கள். "கேள்விக்கு ஏற்ற முறையை எடுத்துக்கொள்" என்பது வழக்கமான பதில். தப்பில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அரசியலில் முக்கியமான எந்தக் கேள்வியையும் ஏறக்குறைய எல்லா முறையிலும் கேட்கலாம். ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் வளைத்து, தன்னால் பதில் சொல்ல முடிகிற மாதிரி மாற்றிக்கொள்ளும். எந்த வளைவைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதைத்தான் நாம் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அதனால் ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாகத் தட்டிப் பார்க்கலாம். தேர்தலில் ஜெயித்து வந்த தலைவர் ஒருவர் நீதிமன்றங்களைத் தன் ஆட்களால் நிரப்புகிறார், பத்திரிகைகளின் கழுத்தை நெரிக்கிறார், தேர்தல் விதிகளைத் தனக்குச் சாதகமாகத் திருத்துகிறார். காவலுக்கு வைத்த வேலியே பயிரை மேய்கிறது. அடுத்த தேர்தலில் மக்கள் அவருக்கே வாக்களிக்கிறார்கள். ஏன்?

இது இன்றைய ஆய்வுலகத்தின் நடுக்கேள்வி. ஜனநாயகம் என்றால் டாங்கிகள் தெருவில் இறங்கிக் கவிழ்க்கும் ஒன்று என்ற பழைய படம் மாறிவிட்டது. அரசறிவியலாளர் நான்சி பெர்மியோ 2016-இல் எழுதிய கட்டுரையில், வெளிப்படையான ராணுவப் புரட்சிகள் குறைந்து, பதவியில் இருப்பவரே சட்டப்படி அதிகாரத்தைக் குவிப்பது முன்னுக்கு வந்திருப்பதைக் காட்டினார். ஹங்கேரியில் 2010-இல் ஃபிடெஸ் கட்சிக் கூட்டணி சுமார் 53 சதவீத வாக்குகளோடு நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு இடங்களைப் பிடித்தது. மறு ஆண்டே புதிய அரசியலமைப்பு வந்தது. 2014, 2018, 2022 தேர்தல்களிலும் அதே கட்சி வென்றது. வாக்களித்தவர்கள் ஏமாந்தார்களா, தெரிந்தே செய்தார்களா, வேறு வழியில்லாமல் செய்தார்களா? இந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல எந்த முறைக்கு முடியும்?

கணக்கெடுத்துக் கேட்பது

முதலில் தோன்றுவது சர்வே. மக்களின் மனம் தெரிய வேண்டுமா, மக்களையே கேள். இதன் பலம் ஒரு எளிய கணிதத்தில் இருக்கிறது: குலுக்கல் முறையில் சரியாகத் தேர்ந்தெடுத்த 1,000 பேர் போதும், ஒரு பெரிய நாட்டின் கருத்தைக் கூட்டிக் குறைத்து 3 சதவீதப் புள்ளிக்குள் சொல்லிவிடலாம். நாட்டின் மக்கள்தொகை எத்தனை கோடி என்பது இதில் பெரிய விஷயமே இல்லை. ஆனால் பிழையைப் பாதியாக்க வேண்டும் என்றால் ஆட்களை நான்கு மடங்காக்க வேண்டும். பணம் போகும் இடம் அதுதான்.

எண்ணிக்கையைவிடத் தேர்வு முக்கியம் என்பதற்கு எல்லா வகுப்பறைகளிலும் சொல்லப்படும் கதை 1936 அமெரிக்க அதிபர் தேர்தல். லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் சுமார் 1 கோடி மாதிரி வாக்குச்சீட்டுகளை அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் திரும்பப் பெற்று, குடியரசுக் கட்சி வேட்பாளர் ஆல்ஃப் லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். இதழ் எடுத்த முகவரிகள் தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து வந்தவை என்பது பிரபலமான விளக்கம். சீட்டை நிரப்பித் திருப்பி அனுப்பச் சிரத்தை எடுத்தவர்களே ஒரு தனி வகை மக்கள் என்பது அவ்வளவு பிரபலமாகாத, ஆனால் இன்றைக்கு அதிகம் உறுத்துகிற விளக்கம். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் தொலைபேசியில் கூப்பிட்டால் 1997-இல் 36 சதவீதம் பேர் பதில் சொன்னார்கள். 2018-இல் அது 6 சதவீதம். கூப்பிடும் நூறு பேரில் தொண்ணூற்று நான்கு பேரின் மனதை, பேசிய ஆறு பேரை வைத்து ஊகிக்கிறோம். குறைவாகப் பதில் சொன்ன வகையினரின் பதிலுக்கு அதிக எடை போட்டுச் சரிசெய்யலாம்தான். ஆனால் எதை வைத்து எடை போடுவது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 2016 அமெரிக்கத் தேர்தலில் பல மாநிலக் கணிப்புகள் தவறியதற்கு ஒரு காரணம், பதில் சொன்னவர்களில் படித்தவர்கள் அதிகம் இருந்ததை எடை போட்டுச் சரிசெய்யாமல் விட்டது.

இவையெல்லாம் கணக்குச் சிக்கல்கள். கணக்காலேயே ஓரளவு தீரும். நம் கேள்விக்கு இதைவிடப் பெரிய தலைவலி, கேட்கும் சொல்லில் இருக்கிறது. "ஜனநாயகம் வேண்டுமா?" என்று கேட்டால் ஏறக்குறைய எல்லா நாட்டிலும் பெரும்பான்மையினர் வேண்டும் என்கிறார்கள். எதேச்சதிகார நாடுகளிலும்தான். அப்படியானால் அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம்? 2016-இல் ஃபோவா, மவுங்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உலக விழுமியங்கள் சர்வேயிலிருந்து ஒரு வரைபடம் போட்டார்கள். ஜனநாயக நாட்டில் வாழ்வது மிக அவசியம் என்பவர்களின் பங்கு இளைய தலைமுறையில் சரிந்துகொண்டே போவதாகக் காட்டிய அந்தப் படம் பத்திரிகைகளில் தீயாகப் பரவியது. விமர்சகர்கள் மூலத் தரவைத் திறந்து பார்த்தார்கள். 1 முதல் 10 வரையான அளவுகோலில் 10 என்று சொன்னவர்களை மட்டும் எடுத்து வரைந்த படம் அது. 8, 9 என்று சொன்னவர்களையும் சேர்த்து சராசரி பார்த்தால் சரிவு அவ்வளவு பயங்கரமாக இல்லை. இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஒரே தரவிலிருந்து இரண்டு மனநிலைகளை எடுக்க முடிகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் பயம். மேய்கிற வேலியைப் பற்றி வேலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யார் பேசுவார்? இதற்குச் சர்வேக்காரர்கள் ஒரு சாமர்த்தியமான வழி வைத்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு மூன்று பெயர்கள் கொண்ட பட்டியல், மீதிப் பாதிக்கு அதே மூன்றோடு தலைவரின் பெயரும் சேர்த்து நான்கு. "இவர்களில் எத்தனை பேரை ஆதரிக்கிறீர்கள்? யார் என்று சொல்ல வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும்." இரண்டு குழுக்களின் சராசரி வித்தியாசமே தலைவரின் உண்மையான ஆதரவு. 2015-இல் ரஷ்யாவில் டிமத்தி ஃப்ரை குழுவினர் புதினுக்கு இப்படிக் கேட்டுப் பார்த்தார்கள். நேரடிக் கேள்விக்கும் இதற்கும் இருந்த வித்தியாசம் 10 சதவீதப் புள்ளியளவுக்குள்தான். எல்லாரும் பயந்து பொய் சொல்கிறார்கள் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கும். எனக்கு இந்த ஆய்வு பிடிக்கக் காரணமும் அதுவே: ஆய்வாளரின் விருப்பத்துக்கு வளைந்து கொடுக்காத பதில்.

சர்வேயை எடுத்துக்கொள்ளலாமா? தானே நடத்த வேண்டும் என்றால், தனி ஆளுக்கு வேண்டாம் என்பேன். ஆனால் மற்றவர்கள் நடத்தியதைப் பயன்படுத்தத் தடையே இல்லை. அமெரிக்கத் தேர்தல் ஆய்வு 1948 முதலும், யூரோபரோமீட்டர் 1974 முதலும், உலக விழுமியங்கள் சர்வே 1981 முதலும், லத்தீனோபரோமெட்ரோ 1995 முதலும், ஆஃப்ரோபரோமீட்டர் 1999 முதலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மலையளவு தரவு தூசி படிந்து கிடக்கிறது.

நாடுகளுக்கு மதிப்பெண்

இன்னொரு வாசல், மனிதர்களை விட்டுவிட்டு நாடுகளை எண்ணுவது. ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமெரிக்க அமைப்பு 1970-களின் தொடக்கத்திலிருந்து நாடுகளின் சுதந்திரத்துக்கு மதிப்பெண் போடுகிறது. பாலிட்டி என்ற தொகுப்பில் முழு எதேச்சதிகாரத்துக்கு மைனஸ் 10 முதல் முழு ஜனநாயகத்துக்கு பிளஸ் 10 வரை. ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட வி-டெம் என்ற ஜனநாயக அளவீட்டுத் திட்டம் 1789 வரை பின்னோக்கிப் போகிறது, ஆயிரக்கணக்கான வல்லுநர்களிடம் கேள்விகளை அனுப்பி, அவர்கள் சொல்வதைப் புள்ளியியல் மாதிரியில் போட்டு எண்ணாக்குகிறது.

இதன் வசீகரம் புரிகிறது. ஒரே மேசையில் உட்கார்ந்து இருநூறு ஆண்டு, நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள். இந்த அகலம் இல்லாமல் சில உண்மைகள் தெரியவே வராது. 1997-இல் ஷெவோர்ஸ்கியும் லிமாங்கியும் காட்டியது அப்படி ஒன்று: அவர்கள் பார்த்த காலகட்டத்தில், தனிநபர் வருமானம் 1975-இல் அர்ஜென்டினாவுக்கு இருந்த அளவைத் தாண்டிய எந்த நாட்டிலும் ஜனநாயகம் கவிழவில்லை. பணம் ஜனநாயகத்தைப் பிறப்பிக்கிறதா என்பது வேறு, பிறந்ததைக் காப்பாற்றுகிறதா என்பது வேறு என்று பிரித்தார்கள். ஒரு நாட்டில் எத்தனை வருடம் உட்கார்ந்திருந்தாலும் இது கண்ணில் படாது.

ஆனால் மதிப்பெண் போடுவது யார்? 2021-இல் வி-டெம் இந்தியாவை "தேர்தல்வழி எதேச்சதிகாரம்" என்ற வகைக்கு இறக்கியது. அதே ஆண்டு ஃப்ரீடம் ஹவுஸ் "ஓரளவு சுதந்திரம்" என்றது. இந்திய அரசு கடுமையாக மறுத்தது. அரசு மறுப்பதை விடுங்கள், அது எதிர்பார்த்ததுதான். கல்வியுலகத்துக்குள்ளேயே வந்த சண்டை சுவாரசியமானது. ஆண்ட்ரூ லிட்டில், ஆன் மெங் இருவரும், வல்லுநர் கருத்தை ஒதுக்கிவிட்டு, ஆளுங்கட்சி எத்தனை முறை தோற்கிறது என்பது போன்ற நேரடியாக எண்ணக்கூடியவற்றை மட்டும் பார்த்தால், உலக அளவில் ஜனநாயகம் தேய்வதற்கான சான்று மிகக் குறைவு என்று எழுதினார்கள். வல்லுநர்கள் செய்தித்தாள் படித்துப் படித்துச் சோர்ந்துபோய் மதிப்பெண்ணைக் குறைத்திருக்கலாம் என்பது அவர்கள் எழுப்பிய சந்தேகம். மறுதரப்பு சொன்னது: இன்றைய தலைவர்கள் தேர்தலை நிறுத்துவதில்லையே, எண்ணக்கூடிய இடத்தில் கை வைக்காமல் எண்ண முடியாத இடத்தில்தானே மேய்கிறார்கள்.

நான் இரண்டாவது தரப்பின் பக்கம் சாய்கிறேன். ஆனாலும் முதல் தரப்பின் கேள்வியை ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வது நல்லது. நம் கேள்விக்கு இந்த வாசல் நேரடியாகப் பதில் தராது. மேய்ச்சல் எங்கே, எப்போது நடந்தது என்று காட்டும். வாக்காளர் ஏன் அப்படிச் செய்தார் என்பது அந்த எண்களுக்குள் இல்லை.

கூடவே இருந்து கேட்பது

களப்பணி என்றால் நிறையப் பேருக்கு நான்கு பேட்டியும் ஒரு புகைப்படமும் என்ற நினைப்பு. அது இல்லை.

கேதரின் க்ரேமர் 2007-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஊர் ஊராகப் போகத் தொடங்கினார். பெட்ரோல் பங்க்குகளிலும் உணவகங்களிலும் காலையில் வழக்கமாகக் கூடிப் பேசும் கூட்டங்களில் அனுமதி கேட்டு உட்கார்ந்தார். வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் போனார். அவர் காதில் விழுந்தது ஒரு மனக்குறை: அதிகாரம் நகரத்தில் இருக்கிறது, பணம் நகரத்துக்குப் போகிறது, நகரத்துக்காரர்கள் எங்களை மதிப்பதில்லை. எந்த வினாப்பட்டியலிலும் இல்லாத பதில் இது. அவர்கள் ஏன் தங்கள் பொருளாதார நலனுக்கு எதிராக வாக்களிக்கிறார்கள் என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர்கள், கேள்வியே தப்போ என்று யோசிக்க வேண்டிவந்தது. அவர்கள் பார்வையில் அது நலனுக்கு எதிரான வாக்கே அல்ல. இத்தனைக்கும் க்ரேமர் களத்தில் இறங்கியபோது, பின்னால் அந்த மாநில அரசியலை இரண்டாகப் பிளந்த ஆளுநர் இன்னும் பதவிக்கே வரவில்லை.

கேட்கப் போகாத பதில் கிடைப்பதுதான் இந்த முறையின் தனிச் சொத்து. சர்வேயில் நாம் எழுதிய நான்கு விடைகளில் ஒன்றுதான் திரும்பி வரும். ஃப்ரெடரிக் ஷாஃபர் செனகலில் செய்தது இன்னும் ஆழமானது. அங்கே வோலோஃப் மொழியில் "தெமோகராசி" என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்து புழங்குகிறது. பேச்சில் அந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று தொடர்ந்தபோது, அது கட்சிப் போட்டியைவிட ஒற்றுமையையும் பாரபட்சமில்லாமல் பகிர்வதையும் ஒருவருக்கொருவர் கைகொடுப்பதையும் குறிப்பது தெரிந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த ஊரில் "ஜனநாயகம் வேண்டுமா?" என்று சர்வே எடுத்தால், கிடைக்கும் சதவீதம் எதைப் பற்றியது?

ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களில் எம். என். ஸ்ரீநிவாஸும் ஒருவர். 1948-இல் மைசூர் வட்டாரக் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்தவர்; "வாக்கு வங்கி" என்ற தொடர் அந்தக் கிராமத்தைப் பற்றிய அவருடைய எழுத்திலிருந்து புறப்பட்டதுதான். இன்று அந்தத் தொடரை வாயில் போட்டு மெல்லாத அரசியல்வாதி இல்லை. 1970-இல் கலிஃபோர்னியாவில் அவர் தங்கியிருந்த ஆய்வு மையத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். பல ஆண்டுகளாக ஒழுங்குபடுத்தி வைத்திருந்த களக்குறிப்புகளின் பிரதிகள் எரிந்துபோயின. பெரும்பாலும் நினைவிலிருந்தே தன் கிராம நூலை எழுதி 1976-இல் வெளியிட்டார். களப்பணியின் பலவீனத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை எனக்குத் தெரியாது. சர்வே தரவு தொலைந்தால் இன்னொரு சர்வே எடுக்கலாம். இங்கே ஆய்வுக் கருவியே அந்த ஒரு மனிதர்தான். அவர் பார்த்ததை இன்னொருவர் போய்ச் சரிபார்க்க முடியாது, ஏனென்றால் 1948 திரும்பி வராது.

மற்ற குறை எல்லாருக்கும் தெரிந்ததே: ஒரு ஊரை வைத்து நாட்டைப் பற்றி எப்படிச் சொல்வது? முடியாது. ஆனால் களப்பணிக்காரர்கள் பெரும்பாலும் அதைச் சொல்ல முயல்வதும் இல்லை. "இப்படி ஒரு காரணமும் இருக்கிறது" என்று காட்டுவது அவர்கள் வேலை. அது எத்தனை பேரிடம் இருக்கிறது என்று எண்ணுவது வேறொருவர் வேலை.

பாதுகாப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் இது கடைசி வரியில் தூங்கும். மேய்கிற தலைவர் உள்ள நாட்டில் களப்பணி செய்தால், ஆய்வாளர் ஒருநாள் கிளம்பிவிடுவார். பேசியவர் அங்கேயே இருப்பார். பெயர்களை மாற்றினால் போதாது. சின்ன ஊரில் "பள்ளிக்கூடம் பக்கத்தில் கடை வைத்திருப்பவர்" என்று எழுதினாலே யார் என்று தெரிந்துவிடும். ஒலிப்பதிவு எங்கே இருக்கும், எல்லையில் மடிக்கணினியைத் திறக்கச் சொன்னால் என்ன செய்வது என்பதற்கெல்லாம் பதில் இல்லாவிட்டால், இந்த வாசலைத் தட்டாமல் இருப்பதே மரியாதை.

குலுக்கிப் போட்டுப் பார்ப்பது

கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக அரசறிவியலில் மவுசு ஏறிய முறை சோதனை. மருத்துவத்தில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை கொடுப்பது மாதிரி. 1998-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஆலன் கெர்பரும் டொனால்ட் கிரீனும் சுமார் 30,000 வாக்காளர்களைக் குலுக்கிப் பிரித்தார்கள். சிலர் வீட்டுக்கு ஆள் போனது, சிலருக்குத் தபால், சிலருக்குத் தொலைபேசி. நேரில் போனதால் வாக்களிப்பு கணிசமாகக் கூடியது, தபால் துளி உதவியது, தொலைபேசியால் பயனே இல்லை. 2006-இல் மிச்சிகனில் இன்னும் துணிந்தார்கள்: முந்தைய தேர்தல்களில் நீங்களும் உங்கள் அக்கம்பக்கத்தாரும் வாக்களித்தீர்களா இல்லையா என்று பெயர் போட்டுப் பட்டியலிட்டு ஒரு கடிதம். கடிதம் போகாத வீடுகளில் 29.7 சதவீதம் வாக்களித்தார்கள், போன வீடுகளில் 37.8. வெட்கத்துக்கு இவ்வளவு பலமா என்று வியக்கலாம். இப்படிக் கடிதம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

சரி, நம் கேள்வி. இந்த வாசலில் அதற்கு நேரடியான பதில் ஒன்று கிடைக்கிறது. மேத்யூ கிரஹாமும் மிலான் ஸ்வோலிக்கும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க வாக்காளர்களுக்குக் கற்பனை வேட்பாளர்கள் இருவரைக் காட்டி யாரைத் தேர்வீர்கள் என்று கேட்டார்கள். கட்சி, வரிக் கொள்கை, வயது எல்லாம் குலுக்கலில் மாறும். சிலசமயம் ஒரு வேட்பாளர் ஜனநாயக விதியை மீறும் நிலைப்பாடு எடுத்திருப்பார். தன் கட்சி வேட்பாளர் அப்படி இருந்தால் எத்தனை பேர் அவரைக் கைவிடுவார்கள்? அவர்களின் மதிப்பீடு: உண்மைத் தேர்தலை ஒத்த சூழலில் சுமார் 3.5 சதவீதம் பேர்தான்.

இந்த எண்ணின் அழகு, அது முதலில் கேட்ட மூன்றில் ஒன்றைத் தள்ளிவிடுகிறது. இங்கே யாரும் ஏமாறவில்லை. மீறல் என்னவென்று கண்முன் எழுதியிருக்கிறது. தெரிந்தும், கட்சியை விட மனம் வரவில்லை. கற்பனை வேட்பாளர்தானே என்ற ஆட்சேபத்துக்கும் ஒரு பதில் வைத்திருந்தார்கள். 2017-இல் மொன்டானா இடைத்தேர்தலுக்கு முந்தின நாள் ஒரு வேட்பாளர் நிருபரைத் தாக்கினார். தபாலில் முன்பே வாக்களித்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை, மறுநாள் சாவடிக்குப் போனவர்களுக்குத் தெரியும். இயற்கையே குலுக்கிப் போட்ட மாதிரி. இரண்டு குழுக்களின் வாக்குகளையும் ஒப்பிட்டால், கட்சிப் பற்று கெட்டியாக இருந்த பகுதிகளில் அவருக்குப் பெரிய தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. தேர்தலிலும் அவரே ஜெயித்தார்.

இவ்வளவு சுத்தமான பதில் கிடைத்த பிறகு மற்ற முறைகள் எதற்கு? எனக்கு அந்த ஆசை வந்துபோனது உண்டு. தயக்கம் இரண்டு காரணங்களால். 3.5 சதவீதம் என்ற எண் "எவ்வளவு" என்பதைச் சொல்கிறது, "எப்படி" என்பதைச் சொல்லவில்லை. தன் கட்சிக்காரரின் மீறலை வாக்காளர் எப்படித் தனக்குத்தானே நியாயப்படுத்திக்கொள்கிறார்? "எதிர்க்கட்சி வந்தால் இதைவிட மோசம்" என்றா, "இது மீறலே இல்லை, சீர்திருத்தம்" என்றா? இந்த இரண்டு வாக்காளர்களும் ஒரே பெட்டியில் டிக் அடிப்பார்கள். இரண்டாவது, ஒரு நாட்டில் கிடைத்ததை இன்னொன்றுக்கு எடுத்துப் போக முடியுமா என்பது. வாக்காளர்களுக்குத் தங்கள் பிரதிநிதிகளைப் பற்றிய தகவலைக் கொடுத்தால் நல்லவர்களைத் தேர்வார்கள் என்ற நம்பிக்கையைப் பல நாடுகளில் ஆய்வாளர் குழுக்கள் ஒரே மாதிரி வடிவமைத்த சோதனைகளால் பரிசோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் விளைவு பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில். தனித்தனிச் சோதனைகள் முன்பு காட்டிய உற்சாகம் அங்கே வடிந்துவிட்டது.

சோதனையில் ஆய்வாளர் உலகத்தைத் தொடுகிறார் என்பதையும் மறக்கக் கூடாது. 2014-இல் அதே மொன்டானாவில் நீதிபதி தேர்தலுக்கு முன், ஆய்வுக்காகச் சுமார் ஒரு லட்சம் வாக்காளர்களுக்கு மாநில முத்திரை பொறித்த அட்டைகள் போயின. கட்சி சாராத தேர்தலில் வேட்பாளர்களைக் கட்சிக் கோட்டில் நிறுத்திக் காட்டிய அட்டை. பெரும் கண்டனம் எழுந்து, ஆய்வாளர்களின் பல்கலைக்கழகங்கள் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டன. ஜனநாயகத்தை ஆராயப் போய் அதன் பயிரை மிதிப்பது என்றால் இதுதான்.

இரண்டை அருகருகே வைப்பது

மூத்த முறை, இப்போது கொஞ்சம் மவுசு குறைந்த முறை: பெரும்பாலும் ஒத்திருக்கும் இரண்டு இடங்களை எடுத்து, எது வேறு என்று பார்ப்பது. டேனியல் போஸ்னர் 2004-இல் எழுதியது இதில் எனக்குப் பிடித்த உதாரணம். செவா, தும்புகா என்ற இரண்டு இனத்தார் ஆப்பிரிக்காவில் ஜாம்பியா, மலாவி எல்லைக்கு இருபுறமும் வாழ்கிறார்கள். எல்லைக்கோடு காலனி ஆட்சியில் போட்டது. மலாவியில் இருவரும் அரசியல் எதிரிகள், ஜாம்பியாவில் கூட்டாளிகள். பண்பாட்டு வேற்றுமை இரண்டு பக்கமும் ஒன்றுதான். மலாவியில் ஒவ்வொரு இனமும் தனியாகத் தேர்தலில் மோதும் அளவுக்குப் பெரியது, ஜாம்பியாவில் இரண்டும் சின்னது. பகைக்குக் காரணம் பண்பாடு அல்ல, கூட்டல் கணக்கு.

நம் கேள்விக்கு ஹங்கேரியையும் போலந்தையும் அருகருகே வைக்கத் தோன்றும். போலந்தில் சட்டமும் நீதியும் கட்சி 2015-இல் 37.6 சதவீத வாக்கோடு தனிப் பெரும்பான்மை பெற்றது, நீதிமன்றங்களில் கை வைத்தது, 2019-இலும் ஜெயித்தது. 2023-இல் தனிப்பெரும் கட்சியாக வந்தும் ஆட்சியை இழந்தது. என்ன வித்தியாசம்? போலந்துக் கட்சிக்கு அரசியலமைப்பை மாற்றும் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவே இல்லை. ஆகவே வேலியின் கம்பி முழுவதும் அவர்கள் கைக்கு வரவில்லை என்பது ஒரு விளக்கம். தேர்தல் முறை வேறு, எதிர்க்கட்சிகளின் நிலை வேறு, ஊடகச் சொத்து யார் கையில் என்பது வேறு. இரண்டே நாடு, ஐந்தாறு விளக்கம். எது சரி என்று தீர்த்துச் சொல்ல முடியாது. பார்பரா கெடஸ் 1990-லேயே எச்சரித்தது இன்னொரு பள்ளம்: ஜனநாயகம் தேய்ந்த நாடுகளை மட்டும் பொறுக்கி எடுத்து அவற்றுக்குள் பொதுவானதைத் தேடினால், தேயாத நாடுகளிலும் அது இருந்ததா என்று தெரியாமலே போய்விடும்.

ஆனாலும் இந்த முறை வேறொன்றைக் கண்ணில் படவைக்கிறது. வாக்காளர் மனதையே சுற்றிக்கொண்டிருந்த நாம், அவர் முன்னால் என்ன தெரிவுகள் வைக்கப்பட்டன என்று அப்போதுதான் திரும்பிப் பார்க்கிறோம். "வேறு வழியில்லாமல்" என்ற மூன்றாவது விளக்கம் சர்வேயில் அகப்படாது, நாட்டை முழுதாகப் பார்த்தால்தான் அகப்படும்.

சமூக ஊடகத் தரவைப் பற்றிச் சுருக்கமாக. கேரி கிங், ஜெனிஃபர் பான், மார்கரெட் ராபர்ட்ஸ் மூவரும் 2013-இல் சீன இணையப் பதிவுகளைத் தணிக்கைக்கு முன்பும் பின்பும் சேகரித்து, அரசைத் திட்டுவது பெரும்பாலும் தப்பிவிடுவதையும், மக்களைக் கூட்டக்கூடிய பதிவுகள் அழிக்கப்படுவதையும் காட்டியது அபாரமான வேலை. ஆனால் இந்தக் கிணற்றுக்குக் கயிறு நிறுவனங்களின் கையில். ட்விட்டர் 2023-இல் தன் தரவுக்கான இலவச அணுகலை நிறுத்தியது, ஃபேஸ்புக் தாய் நிறுவனம், பொதுப் பதிவுகளின் பரவலைப் பார்க்க உதவிய கிரவுட்டேங்கிள் கருவியை 2024 ஆகஸ்டில் மூடியது. மூன்று வருட ஆய்வேட்டை இதன் மேல் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்படியானால் எது?

2000-ஆம் ஆண்டு அக்டோபரில் "திரு. பெரஸ்த்ரோய்கா" என்ற பெயரில் ஒரு மொட்டைக் கடிதம் மின்னஞ்சலில் அமெரிக்க அரசறிவியலாளர்களைச் சுற்றியது. துறை முழுவதும் எண்காரர்கள் கைக்குப் போய்விட்டது என்ற ஆத்திரம் அது. அந்தச் சண்டையின் மிச்சம் இன்னும் ஓடுகிறது. பல இடங்களில் மாணவரின் முறையைத் தீர்மானிப்பது அவர் கேள்வி அல்ல, எந்த முகாமில் அவருக்கு வேலை கிடைக்கும் என்பது. அதைக் குறை சொல்ல மாட்டேன், வயிற்றுப்பாடு நிஜம். ஆனால் அந்தக் காரணத்துக்காகத் தேர்ந்தெடுத்தால், அதற்குத்தான் தேர்ந்தெடுத்தேன் என்று தனக்குள்ளாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தக் கேள்வியோடு, தனி ஆளாக, மூன்று ஆண்டும் கொஞ்சம் பணமும் வைத்துக்கொண்டு ஒருவர் வந்தால் நான் களப்பணியைத்தான் சொல்வேன், ஆனால் வெறுங்கையோடு அல்ல. எவ்வளவு என்பதற்கு ஓரளவு பதில் சோதனைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். எங்கே, எப்போது என்பதை மதிப்பெண்காரர்கள் சொல்லிவிட்டார்கள். காலியாக இருப்பது அந்த நியாயப்படுத்தல், அது எந்த வினாப்பட்டியலிலும் இன்னும் சரியான விடைகளாக எழுதப்படவில்லை. முதல் மூன்று மாதம் இருக்கிற சர்வே தரவை மட்டும் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். தேர்தல் முடிவுகளிலிருந்து, வருமானமும் படிப்பும் தொழிலும் ஒத்திருந்தும் ஆளுங்கட்சிக்கு ஒன்றில் வாக்கு கூடி இன்னொன்றில் சரிந்த இரண்டு தொகுதிகளைப் பொறுக்கச் சொல்வேன். அப்புறம் அங்கே போய், மொழி தெரிந்து, ஒரு வருடமாவது இருக்க வேண்டும்.

விதிவிலக்குகள் உண்டு. அந்த நாட்டில் பேசுவதே ஆபத்து என்றால் பட்டியல் முறைச் சர்வே ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம், அதுவும் உள்ளூர் நிறுவனம் துணிந்தால். மொழி தெரியாது, கற்கவும் நேரமில்லை என்றால் ஹங்கேரி, போலந்து மாதிரி இரண்டை எடுத்து ஆவணங்களிலும் நாடாளுமன்றப் பதிவுகளிலும் வேலை செய்யலாம். தேர்தல் இன்னும் ஆறு மாதத்தில் வருகிறது, ஒரு கட்சியோ தொண்டு நிறுவனமோ குலுக்கலுக்கு ஒத்துக்கொள்கிறது என்றால் அந்த வாய்ப்பு திரும்ப வராது, சோதனையை எடுத்துக்கொள்ளலாம். எதைத் தேடுகிறோம் என்று முன்பே எழுதிப் பதிவு செய்துவிட்டு.

களத்துக்குப் போகிறவர் கையில் ஒரு தாள் இருக்கட்டும். கிளம்பும் முன், மக்கள் என்ன காரணம் சொல்வார்கள் என்று தான் நினைப்பதை அதில் எழுதி உறையில் போட்டு ஒட்டி, ஆய்வு வழிகாட்டியிடம் கொடுத்துவிட வேண்டும். ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்து பிரிக்கும்போது, உள்ளே எழுதியிருப்பதும் குறிப்பேட்டில் இருப்பதும் ஒன்றாகவே இருந்தால், இன்னொரு ஆறு மாதம் அங்கேயே போய் இருக்கச் சொல்வேன்.